கூறு கட்டிய மீன், ரேஷன் அரிசி, மண்சட்டிக் குழம்பு: வடசென்னையின் சிக்கனச் சமையல்!

சென்னை கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். அங்கிருந்து வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி எண்ணூர் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆலைகள், குடோன்கள், கன்டெய்னர் லாரிகள்.

மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், தினக்கூலிக்குப் போகிறவர்கள் என்று பலரும் நெருக்கமாக வாழும் பகுதி இது. மாதச் சம்பளம் இல்லாத வீடுகளில் கையில் காசு இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. இரண்டு நாளிலும் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் சத்தாகச் சாப்பிட வேண்டும். அதற்காகவே இங்குள்ள பெண்கள் பல தலைமுறைகளாக ஒரு சமையல் கணக்கு வைத்திருக்கிறார்கள். விலைவாசி ஏறும் இந்த நாளில் எந்த ஊர்க் குடும்பத்துக்கும் உதவக்கூடிய கணக்கு அது.

காசிமேட்டில் கிலோ இல்லை, கூறு!

ராயபுரத்தை ஒட்டியிருக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நள்ளிரவு தாண்டியதுமே ஏலம் களைகட்டத் தொடங்கிவிடும். வஞ்சிரம், வவ்வால், கொடுவா போன்ற விலை உயர்ந்த மீன்களை ஹோட்டல்காரர்களும் மொத்த வியாபாரிகளும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுச் சமையலுக்கு வருகிறவர்களின் கண் இருப்பது வேறு இடத்தில். தார்ப்பாய் விரித்து, சின்ன மீன்களைக் குவியல் குவியலாகப் பிரித்து வைத்திருப்பார்கள் வியாபாரப் பெண்கள். அதுதான் கூறு. தராசு கிடையாது. "கூறு எவ்ளோக்கா?" என்று கேட்டு, பேரம் பேசி, "மேல ரெண்டு போடுக்கா" என்று கேட்டு வாங்குவதுதான் வழக்கம்.

கூறில் பெரும்பாலும் இருப்பவை காரப்பொடி, நெத்திலி, கவலை. மத்தி வகையைச் சேர்ந்த மீனுக்குத்தான் இங்கே கவலை என்று பெயர். பெயரில்தான் கவலை. வாங்குகிறவருக்கு அது கிடையாது. வஞ்சிரத்தின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் மத்தி வகை மீன்களில், இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு அதிகம். நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடலாம் என்பதால் கால்சியமும் சேர்ந்து கிடைக்கும். விலை குறைவு என்றால் சத்தும் குறைவு என்று நினைப்பவர்கள், மீன் விஷயத்தில் அதை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். வார நாளில் போனால் இரண்டுமே குறையும். காலைக் கூட்டம் கலைந்த பிறகு, மிச்சம் இருப்பதை விற்றுவிட்டு வீட்டுக்குப் போக வியாபாரிகளும் நினைப்பார்கள். அப்போது விலை இறங்கும். ஆனால், மலிவாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் பழைய மீன். கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும். கெட்டுப்போன மீனை வாங்கிக் குப்பையில் கொட்டினால் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

தலையும் வீணாகாது

பெரிய மீன் வாங்கும் நாளில் இந்தப் பக்கத்து வீடுகளில் தலையை விட்டுவிட்டு வர மாட்டார்கள். நடுத்துண்டு வறுவலுக்கு, தலையும் வாலும் குழம்புக்கு. சினை இருந்தால் தனியாக எடுத்து மிளகுத்தூள் போட்டு வதக்கிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். இறாலை உரித்த பிறகு தலையையும் ஓட்டையும் நன்றாகக் கழுவி, தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அந்தச் சாறு குழம்புக்கு நல்ல வாசம் தரும். கால் கிலோ இறாலோடு முருங்கைக்காயும் கத்தரிக்காயும் சேர்ந்தால் ஆறு பேருக்கு ஒரு வேளைக் குழம்பு தயார்.

ஒரு குழம்பு, இரண்டு வேளை

நான்கு பேருக்கான கவலை மீன் குழம்பு இது. தேங்காய் வேண்டாம் என்பதே முதல் சிக்கனம்.

அரை கிலோ மீனைச் செதில், குடல் நீக்கி, கல் உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். சக்கையைத் தூக்கிப் போடாமல் இன்னொரு முறை பிழிந்தால் மறுநாள் ரசத்துக்கு ஆகும். மண்சட்டியில் மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றி, கால் ஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு தக்காளியை வதக்குங்கள். வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் மூன்று ஸ்பூன், கொஞ்சம் மஞ்சள்தூள், உப்பு, புளிக்கரைசல் சேர்த்துப் பச்சை வாசனை போய்க் கெட்டியாகும் வரை கொதிக்கவிடுங்கள். கடைசியாக மீனைப் போட்டு ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். மண்சட்டியின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும், கேஸும் மிச்சம். மீன் போட்ட பிறகு கரண்டி விட்டுக் கிளறினால் உடைந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும்.

மாங்காய் சீசனில் புளியைப் பாதியாகக் குறைத்து, ஒரு மாங்காயை நறுக்கிப் போடுவார்கள். இரவு மீதமான குழம்பை மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்து எடுத்துவைத்தால் காலையில் இட்லிக்கோ பழைய சோற்றுக்கோ தொட்டுக்கொள்ளலாம். முதல் நாளைவிட அடுத்த நாள் குழம்புக்குத்தான் ருசி என்று சத்தியம் செய்பவர்கள் வடசென்னையில் ஏராளம்.

61 நாளுக்கு ஒரு டப்பா

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. 61 நாள்கள் காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுகள் பிடித்துவரும் கொஞ்சம் மீனின் விலையோ எகிறிவிடும். மீனவக் குடும்பங்களுக்கும் துறைமுகத்தை நம்பிக் கூடை தூக்குகிறவர்களுக்கும் வருமானமும் குறையும் காலம் இது.

அப்போது கைகொடுப்பது கருவாடு. மீன் மலிந்து கிடக்கும் நாள்களில் உப்புப் போட்டுக் காயவைத்த நெத்திலிக் கருவாடும், காய்ந்த குட்டி இறாலான சென்னாகுன்னியும் டப்பாவில் இருக்கும். வெயில் அடிக்கும் நாளில் அவ்வப்போது எடுத்துக் காயவைத்தால் பூச்சி அண்டாது. சமைக்கும் முன் வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து இரண்டு, மூன்று முறை அலசினால் மண்ணும் கூடுதல் உப்பும் போய்விடும். கைப்பிடி நெத்திலிக் கருவாடு, நான்கு கத்தரிக்காய், ஒரு மாங்காய் இருந்தால் குழம்பு ஆயிற்று. சென்னாகுன்னியை வெறும் சட்டியில் வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி வைத்து அரைத்தால் துவையல். கருவாட்டில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பு போட வேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஷிஃப்ட்டுக்குப் போகும் டிபன் பாக்ஸ்

காசிமேட்டிலிருந்து வடக்கே திருவொற்றியூர். தியாகராஜர் கோயிலும் வடிவுடையம்மனும் பட்டினத்தார் சமாதியும் உள்ள பழைய ஊர். அதே சமயம் தொழிற்சாலைகளின் ஊர். ராயல் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்பும் வளர்ந்த மண் இது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே விம்கோ நகருக்கு நிலைத்துவிட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் அதுவரை வந்துவிட்டது.

ஆலையில் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்கு விடியும் முன்பே டிபன் பாக்ஸ் தயாராக வேண்டும். அதனால் இங்கே பல வீடுகளில் இரவே பாதிச் சமையல் முடிந்துவிடும். சமையலின் முதுகெலும்பு ரேஷன் அரிசி. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதால், மாதத்தின் முதல் வாரத்தில் ரேஷன் கடைக்குப் போவதை யாரும் தள்ளிப்போடுவதில்லை.

ரேஷன் புழுங்கல் அரிசி நான்கு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு அரைத்தால் இட்லி மென்மையாக வரும். அரிசியை நான்கைந்து முறை கழுவி ஊறவைத்தால் பழைய வாசம் தெரியாது. மீந்த சோற்றில் ஒரு கைப்பிடியை மாவோடு சேர்த்து அரைத்தால் தோசை முறுகலாக வரும். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழைய சோறு; மோரும் சின்ன வெங்காயமும் போதும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பார்கள். மிஞ்சினால் காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டுவிடுவார்கள்.

சமைக்க நேரமில்லாத நாளுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் சென்னையில் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

மிச்சத்தில் பிறந்த ருசி

மீந்துபோன வடையை உதிர்த்து மசாலாவில் போட்டுப் பிறந்தது சென்னையின் வடகறி என்று சொல்வார்கள். எண்ணெய்ச் செலவைக் குறைக்க வீட்டில் ஒரு வழி உண்டு. ஊறவைத்த கடலைப் பருப்பைச் சோம்பு, மிளகாய் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, பொரிக்காமல் இட்லித்தட்டில் ஆவியில் வேகவைத்து உதிர்த்துக்கொள்ளலாம். பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயம், தக்காளி வதக்கிய குழம்பில் அதைப் போட்டால் வடகறி. கால் கிலோ பருப்பில் ஒரு குடும்பமே இட்லி சாப்பிட்டு முடித்துவிடும்.

அத்தோவின் கதை கடல் தாண்டியது. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியேறிய அவர்கள் கையோடு கொண்டுவந்த சொத்து சமையல்தான். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய் எல்லாவற்றையும் கையால் பிசைந்தால் அத்தோ. கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். குலை வெட்டிய பிறகு மிஞ்சும் தண்டை இப்படி மணக்க மணக்கச் சூப்பாக்கியதில் இருக்கிறது அவர்கள் கைப்பக்குவம்.

எண்ணூரில் இலவசமாக வந்த இறால்

இந்தச் சமையல் கணக்கின் கடைசி வரி எண்ணூரில் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் இது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடம் என்பதால் இறாலும் நண்டும் மடவையும் கிழங்காவும் செழித்த நீர்நிலை. படகும் வலையும் இல்லாத இருளர் குடும்பத்துப் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். நல்லதை விற்றுவிட்டு, மிச்சத்தைக் குழம்பு வைப்பார்கள். காசு கொடுக்காமல் சத்தான சாப்பாடு கிடைத்துக்கொண்டிருந்த இடம் இந்த ஆறு.

அந்த ஆற்றங்கரையில்தான் அனல் மின் நிலையங்களும் துறைமுகமும் எழுந்தன. குழாய்களில் கசிந்த நிலக்கரிச் சாம்பல் படிந்து ஆற்றின் ஆழம் குறைந்தது. 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளிகளால் அள்ளி அதை அகற்றியதைத் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. எண்ணெய் படாத மீனையும் வாங்க மக்கள் பயந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. மணலியில் உள்ள சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அது வெளியேறியதாக மாசு கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் தெரிவித்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பானது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது அரசு.

நிவாரணம் ஒருமுறை வரும். ஆற்று இறால் தினமும் வந்துகொண்டிருந்தது. அது வராத வீட்டில் சத்துக்காகக் காசு கொடுத்து முட்டையோ கோழியோ வாங்க வேண்டும், முடியாத நாளில் சோறும் ரசமும்தான். புளியை இரண்டு முறை பிழியலாம், கேஸை ஐந்து நிமிடம் முன்னதாக அணைக்கலாம், மீன் தலையைக் குழம்பில் போடலாம். ஆனால், ஆறு கொடுத்ததை எந்தச் சமையலறைக் குறிப்பாலும் ஈடுகட்ட முடியாது. வடசென்னைப் பெண்களின் சிக்கனம் கைத்திறமையில் பாதி, கடலும் ஆறும் கொடுத்ததில் பாதி. கைத்திறமையை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆற்றைக் காப்பாற்றுவது அவர்களால் மட்டும் ஆகிற காரியம் இல்லை.