எனக்குக் குளிரலைப்பா!

என் காருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். 1972-ல் பிறந்த சிவப்பு எம்.ஜி.பி. இரண்டே சீட், துணிக்கூரை, தரையை ஒட்டிப் போகிற ஸ்போர்ட்ஸ் கார். நாங்கள் வசிக்கும் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில்தான் இந்த வகை கார்களைச் செய்தார்கள். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டுத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பிழைக்க வந்த ஊரின் பெருமையில் ஒன்று நம் வீட்டு வாசலில் நிற்கட்டுமே என்று ஆசைப்பட்டு வாங்கினேன். "கிழவியைக் கூட்டிட்டு வந்திருக்கார்" என்று மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

வாங்கும்போதே ஹீட்டர் வேலை செய்யவில்லை. அம்பது வருஷம் ஓடிய வண்டி, யாரைக் குறை சொல்ல? 1960-களில் வந்த எம்.ஜி.பி.களில் ஹீட்டர் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். 'அந்தக் காலத்து ஆட்கள் அது இல்லாமலே ஓட்டவில்லையா?' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று குளிர்காலம் அப்படியே ஓடியது.

அதற்குள் நிறைய வித்தைகள் கற்றுக்கொண்டேன். உள்ளே மெல்லிய கம்பளி பனியன், அதன்மேல் ஸ்வெட்டர். தடிமனான ஜாக்கெட் போட்டால் சீட் பெல்ட் உடம்போடு ஒட்டி நிற்காது. பெடல்கள் நெருக்கமாக இருப்பதால் பெரிய பூட்ஸும் உதவாது. மெல்லிய ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ். மடியில் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை, அதை மூடி ஒரு கம்பளி. ரேடியேட்டர் முன்னால் பாதிக்கு ஓர் அட்டையைச் செருகினால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் இடது காலுக்குக் கொஞ்சம் கதகதப்பு கிடைக்கும். கால்மாட்டில் வயர்கள் நுழையும் ஓட்டைகளை ரப்பர் வைத்து அடைத்தேன். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி. ஒன்று மட்டும் செய்யவே மாட்டேன்: காருக்குள் அடுப்போ கேஸ் ஹீட்டரோ வைப்பது. அதன் புகையில் வாசனையே தெரியாமல் உயிர் போய்விடும்.

இதையெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவிடம் போனில் பெருமையாகச் சொல்வேன். அப்பா ரிட்டயர்டு பஸ் டிரைவர். வத்தலக்குண்டு - கொடைக்கானல் மலைப்பாதையில் பல வருஷம் ஓட்டியவர். "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்வார்.

போன டிசம்பரில் அப்பா முதல்முறையாக இங்கே வந்தார். மார்கழி பிறந்த அன்று கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். லண்டன் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம். வீட்டுக் காரை மனைவி வேலைக்கு எடுத்துப் போய்விட்டாள். "கிழவியில போலாம்ப்பா" என்றேன். உள்ளுக்குள் எனக்கு அதுதான் ஆசை. ஒரு டிரைவரின் மகன் எந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறான் என்று அவர் பார்க்க வேண்டாமா?

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வெளியே மைனஸ் 2 டிகிரி. அப்பாவுக்கு ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் கொடுத்து, வெந்நீர்ப் பையையும் அவர் மடியிலேயே வைத்தேன். தோளில் வழக்கமான துண்டு.

"குளிருதாப்பா?"

"எனக்கென்ன, கொடைக்கானல்ல பார்க்காத குளிரா?"

எம் 40 நெடுஞ்சாலையில் ஏறிச் சில்டர்ன் குன்றுகளை நெருங்கும்போதுதான் பிரச்னை தொடங்கியது. முன் கண்ணாடி உள்பக்கமாக வெளுத்தது. தனியாகப் போகும்போது ஒரு துணியால் துடைத்துச் சமாளித்துவிடுவேன். இப்போது இரண்டு பேர் மூச்சு. சின்ன அறைக்குள் அந்த ஈரம் முழுவதும் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படிந்தது. பக்கத்தில் லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன. எனக்குச் சிவப்புப் புள்ளிகள் மட்டும்தான் தெரிகின்றன.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்து என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு நிமிஷத்தில் மறுபடி வெளுத்தது. மறுபடி துடைத்தார். பிறகு தன் பக்கத்து ஜன்னலை நாலு விரல் இறக்கினார். கண்ணாடி தெளிந்தது. கத்தி மாதிரி காற்று நேராக அவர் முகத்தில் அடித்தது.

"ஏத்துங்கப்பா, குளிரும்!"

"எனக்குக் குளிரலைப்பா. நீ ரோட்டைப் பாரு."

அப்படியே அரை மணி நேரம். ஒரு கையில் துண்டு, மறு கை ஜன்னல் பிடியில். வழியில் ஒரு சர்வீஸ் ஏரியாவில் நிறுத்தினேன். இறங்குவதற்குக் கை கொடுத்தேன். அவர் விரல்கள் ஐஸ்கட்டி மாதிரி இருந்தன. டீக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது. எழுபத்தெட்டு வயது மனிதர்.

"ஏன்ப்பா சொல்லலை?" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

"ஆசையா கூட்டிட்டு வந்தே. சொன்னா உன் மனசு சங்கடப்படும்ல?" என்றார். டீயை இரண்டு வாய் குடித்த பிறகு டிரைவர் பேசினார்: "குளிரைத் தாங்கிக்கலாம்டா. கண்ணு தெரியாம வண்டி ஓட்டக் கூடாது. மலையில பனி இறங்குனா நான் பஸ்ஸை ஓரங்கட்டிடுவேன். அதுல என்ன வெட்கம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹீட்டரை நான் சொகுசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கண்ணாடிக்குச் சூடான காற்றைக் கொடுத்துப் பார்வையைக் காப்பாற்றுகிற பாகம். வெளிச்சம் வந்து, வெயில் பட்டுக் கண்ணாடி தெளியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனோம்.

அந்த சனிக்கிழமை பானெட்டைத் திறந்தேன். இன்ஜினின் சூடான தண்ணீர் ஒரு வால்வு வழியாக ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போகும். ஃபேன் அந்தச் சூட்டை உள்ளே தள்ளும். அவ்வளவுதான் சமாசாரம். என் வண்டியில் வால்வு இறுகிப் போயிருந்தது, குட்டி ரேடியேட்டரில் துருச்சேறு. தோட்டத்துக் குழாயை எதிர்த்திசையில் மாட்டித் தண்ணீர் விட்டபோது காபிக் கலரில் கொட்டியது. அப்பா முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். புது வால்வு, இரண்டு ஹோஸ், இன்ஜினுக்குப் புது கூலன்ட். இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடுகிற செலவு. இதற்காகவா மூன்று வருஷம்?

பத்து நிமிஷம் ஓடவிட்டதும் கண்ணாடி ஓரத்திலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. அப்பா அதில் உள்ளங்கையைக் காட்டினார். "இப்பதான்டா இது வண்டி" என்றார்.

ஜனவரியில் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஞாயிறுதோறும் போன் செய்கிறேன். "நல்லாயிருக்கீங்களாப்பா?" என்றால் "எனக்கென்ன, நல்லாயிருக்கேன்" என்கிறார். முன்பெல்லாம் அதோடு திருப்தியாக வைத்துவிடுவேன். இப்போது பிரஷர் எவ்வளவு, ராத்திரி தூங்கினாரா, என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அக்காவிடமும் தனியாக விசாரிக்கிறேன்.

போனில் கையைத் தொட்டுப் பார்க்க முடியாதே!