ரெண்டு வெள்ளைப் பொட்டு

நுவரெலியா கிரகரி வாவிக் கரையில என் மாமா ஒரு மட்டக்குதிரை வச்சுப் பிழைக்கிறார். சேணம் கிழிஞ்சு போச்சு. மலிவா ஒன்னு போன்ல தேடினேன். பார்த்ததெல்லாம் இருக்கை மெத்துன்னு இருக்கான்னுதான். மாமா படத்தைப் பார்க்கல. குதிரையோட கழுத்து முடியிற மேட்டுக்கு ரெண்டு பக்கமும் இருந்த வெள்ளைப் பொட்டைக் காட்டினார். "இது பிறவி மச்சம் இல்ல புள்ள. பழைய சேணம் போட்டது."

ஆங்கிலச் சேணத்துக்குள்ள மரத்திலயோ பிளாஸ்டிக்கிலயோ ஒரு சட்டம் இருக்கு. அது ஒடுக்கமா இருந்தா தோளைக் கவ்வும். அகலமா இருந்தா இறங்கி முதுகெலும்புல உட்காரும். அழுத்தின இடத்துல மயிர் வெள்ளையா முளைக்கும். வாயில்லா ஜீவன், வேற எப்படிச் சொல்லும்?

அளவெடுத்துச் செய்ய எங்ககிட்ட ஏது காசு? கடைச் சேணந்தான். ஆனா விரிப்பில்லாம வெறும் முதுகுல வச்சுப் பார்க்கணும். ஆள் ஏறின பிறகும் மேட்டுக்கு மேல ரெண்டு மூனு விரல் நுழையணும். பின்னாலயிருந்து குனிஞ்சு பார்த்தா நடு ஓடை வழியா வெளிச்சம் தெரியணும்.

ரெண்டு சேணம் தேறல. மூனாவது பழசு, இருக்கைத் தோல் வெடிச்சிருந்தது. விரலை விட்டுப் பார்த்த மாமா, "தோலைத் தைச்சுக்கலாம்"னார்.