கடைசி ஆளும் 25 எம்.எம் டயரும்

ஞாயிறு அதிகாலை, திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை சைக்கிள். நண்பர்கள் நாலு பேர், போய்ச் சேர்ந்ததும் ஒரு டீ. போட்டியெல்லாம் கிடையாது என்போம். ஆனால், வாராவாரம் கடைசியாக வருவது நான்தான். அந்த ரோஷத்தில் 32 எம்.எம் டயரைக் கழற்றிவிட்டு 25 மாட்டினேன். காற்று மட்டும் பழைய அளவே. ஒல்லி டயருக்குக் கூடுதலாக அடிக்க வேண்டுமாம். எனக்கு எங்கே தெரியும்!

நீலாங்கரை தாண்டி ஒரு பள்ளம். ரிம்மில் நசுங்கிய டியூபில், பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. முன்னால் போன மூவரும் திரும்பி வந்தார்கள். எப்போதும் முதலில் போகிறவன்தான் ரோட்டோரம் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினான். கிண்டலே பண்ணவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சாய்த்து வைத்திருந்த அவன் சைக்கிளைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் 700 x 35 என்று இருந்தது.