வாய்க்குள் அடங்கிய செபம்

எங்கள் மூத்த மருமகள் வண்டன்மேட்டில் பிறந்தவள். அவளுடைய பாட்டனார் ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பத்திலிருந்து மலையேறியவர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அந்த மலைநாடு கேரளத்தில் அடங்கிற்று. குடும்பமும் அங்கேயே வேரூன்றிவிட்டது. வீட்டில் பேச்சு தமிழ்; பள்ளியும் மறைக்கல்வியும் மலையாளம்.

எங்கள் இல்லத்தில் இரவுச் செபமாலை தவறுவதில்லை. மணமாகி வந்த புதிதில் அவள் முழந்தாளிட்டு மௌனமாகவே இருப்பாள். தேவ இரகசியத்தை வாசிக்கும்படி புத்தகத்தை நீட்டினால், "நீங்களே வாசிங்க மாமா" என்று தலைகுனிவாள். பக்தி போதாது என்று எண்ணிக்கொண்டோம். 'மலையாளத்துப் பெண்தானே' என்று அவள் காதுபடச் சொன்னதும் உண்டு. மலையிலோ அவளைப் 'பாண்டிக்காரி' என்றார்களாம்!

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பூசல் முற்றியது. குமுளி எல்லை அடைபட்டது. விடியுமுன் ஜீப்புகளில் காய் எடுக்க மலையேறும் நம் பெண்கள் வேலையின்றி வீட்டிலிருந்தார்கள். மலைமேல் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல காட்டுவழியே தேவாரத்துக்கு இறங்கின. அவளுடைய பெற்றோரும் அப்படித்தான் ஒரு துணிமூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

அன்றிரவு செபமாலையை அவளுடைய தாயார் தொடங்கினார், தாம் அறிந்த மலையாளத்தில். மருமகள் கணீரென்று தொடர்ந்தாள். அந்தக் குரலை நாங்கள் அதற்குமுன் கேட்டதே இல்லை. ஆனால் அப்போது நாங்கள் செய்தது என்ன? தெருவில் கேட்டால் வம்பாகுமே என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினோம். குரல் தாழ்ந்துவிட்டது.

"தமிழ் வாசிக்கத் தெரியாதாம்மா?" என்று மறுநாள் கேட்டோம்.

"பேசத்தான் தெரியும் அத்தை. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஞாயிறுதோறும் ஒன்றுகூடித் தம் மொழியில் பேசி மகிழ்வதையும், டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் வைகறைத் திருப்பலியைப் பிலிப்பைன்ஸ் மக்கள் சென்ற நாடெல்லாம் கொண்டுபோவதையும் நாங்கள் வியந்து பேசியிருக்கிறோம். கடல் கடந்தவர்களின் ஏக்கம் புரிந்த எங்களுக்கு, அடுக்களையில் நின்றவளின் மௌனம் புரியவில்லை.

பூசல் அடங்கியபின் பெற்றோர் தோட்டத்துக்கே திரும்பினார்கள். பின்னாளில் தன் மகளின் முதல் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளும் அ, ஆ எழுதிப் பழகினாள். இப்போது தேவ இரகசியங்களை அவளே தமிழில் வாசிக்கிறாள். கடைசிப் பத்து மணிகளை மட்டும் மலையாளத்தில் சொல்கிறாள். பேத்தி இரண்டையும் கலந்தே சொல்கிறாள். சில நாள் திருத்திப் பார்த்தோம், பிறகு விட்டுவிட்டோம்.