காவல் நின்றவனின் முறை

வலியசாலை என்னும் ஊர்ப்பெயரில் உள்ள ‘சாலை’ வண்டி செல்லும் வழியைக் குறிப்பதன்று. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்து, கிள்ளியாற்றுக்கு அருகே நிற்கும் காந்தளூர் மகாதேவர் கோயிலையொட்டியே பழைய காந்தளூர்ச் சாலை இருந்ததென ஆய்வாளர் பலர் கருதுவர். விழிஞத்தின் பக்கம் தேடுவாரும் உளர். எங்கிருந்தாலும், உண்டியும் உறையுளும் தந்து மாணவரைப் பயிற்றிய நிறுவனம் அது என்பதற்குச் சான்று வலுவானது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டது. 95 சட்டர்க்கு இடம் வகுத்தது. சட்டர் தமக்குள் பூசலிட்டால் தண்டம் விதிக்கும் ஏற்பாடும், ஆயுதம் பற்றிய கட்டுப்பாடும் அதன் செப்பேட்டில் உண்டு. வேதம் ஓதுவோர் மட்டுமே இருந்த இடத்தில் ஆயுதத்திற்கு விதி எதற்கு என்னும் கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

முதலாம் இராசராசன் தன் நான்காம் ஆட்சியாண்டு தொடங்கி, காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்தவன்’ எனக் கல்வெட்டுகளில் போற்றப்படுகிறான். கலத்தை மரக்கலமாகக் கொண்டால் அது துறைமுகத்தில் நடந்த அழிப்பு. உண்கலமாகக் கொண்டால் சாலையின் உணவுரிமையில் கைவைத்த அரசாணை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலை பற்றித் தனி நூலே எழுதினார்; எம்.ஜி.எஸ். நாராயணன் கல்வியும் படைப்பயிற்சியும் சேர்ந்து நடந்த இடமாக இதைக் கண்டார். ஒரே சொல் ஒருவர் கையில் போராகவும் இன்னொருவர் கையில் மடைப்பள்ளிக் கணக்காகவும் மாறுவது கல்வெட்டியலில் புதிதன்று.

இந்த ஐயத்தின் மீதுதான் வலியசாலை அக்கிரகாரத்து மாடியறை ஒன்றில் ஐந்து ஆய்வு மாணவர்கள் ஞாயிறுதோறும் பகடை உருட்டுகின்றனர். ஆட்டம் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்பதும், கதையை ஒருவர் நடத்துவதும், வெற்றி தோல்வியை இருபது முகப் பகடை தீர்ப்பதும் அதன் முறை. கதை நடத்துபவர் கல்வெட்டியல் மாணவர், மற்றவர்களுக்கு மூத்தவர். கதைக்களம், சோழர் படை வருவதற்கு முந்திய இரவில் காந்தளூர்ச் சாலை. இளையவரான ஒரு மாணவி சட்டன் ஒருவனின் வேடமேற்று ஆற்றங்கரையில் காவல் நின்றார். சோழர் ஒற்றர் மூவர் புதரிடையே வந்தனர். மூவருக்கும் உருட்டப்பட்ட எண் காவலனின் கூர்நோக்கு எண்ணைத் தாண்டிற்று. காவலன் ‘அயர்ந்தவன்’ என அறிவிக்கப்பட்டான். முதற்சுற்றில் அவனுக்கு முறை இல்லை. மூன்று வெட்டில் முடிந்தது. “தூங்கவில்லையே அண்ணா, காவல்தானே நின்றேன்? எனக்கு ஏன் முறை இல்லை?” என்றார் அவர். “எண் அப்படி வந்துவிட்டதம்மா” என்பதற்குமேல் அண்ணனிடம் விடை இல்லை.

நான்கு மாதம் வளர்த்த பாத்திரம் ஒரு சொல்லும் பேசாமல் இறந்தது என்பதற்காக மட்டும் எழுந்த கேள்வியன்று அது. பதுங்கல் விதிகள் அனைத்தும் மறைபவனின் திறனை அளப்பனவாகவே தோன்றும். உண்மையில் அவை தீர்மானிப்பது தாக்கப்படுபவனுக்கு என்ன மிச்சம் என்பதை.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதற்பதிப்பில் இது எளிது: ஆறுமுகப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் அத்தரப்பு திகைத்தது. திறன் பற்றிய பேச்சே இல்லை. மறுஆண்டின் இணைப்புநூல் கள்வன் என்னும் வகையைக் கொணர்ந்து, ஓசையின்றி நடத்தலுக்கும் நிழலில் ஒளிதலுக்கும் தனித்தனி விழுக்காடு வகுத்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைபவன் எண் உருட்ட வேண்டும். காப்பவன் உருட்ட வேண்டியதில்லை, பத்துடன் அவனது கூர்நோக்கு மதிப்பைக் கூட்டிய நிலையெண் அவனுக்காக விழித்திருக்கும். ஓர் ஆபத்தையும் உணராதவன் தன் முதல் முறையில் நகரவோ செயலாற்றவோ இயலாது. மாணவியின் சட்டன் மாண்டது இவ்விதியால். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தளர்த்திற்று: திகைத்தவன் முறைவரிசைக்கு இரு பகடை உருட்டிச் சிறியதைக் கொள்கிறான். சராசரி 10.5இலிருந்து ஏறத்தாழ 7.2 ஆகிறது, முறை பிந்தலாம், பறிபோவதில்லை.

கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. தனியொருவன் கண்ணிற்படாமல் செல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்க. அறுவர் செல்ல, ஒருவன் அகப்பட்டாலும் அனைவரும் அகப்பட்டதாகக் கொண்டால், வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே. பாதிப் பேர் தப்பினால் போதும் என்று குழுவாகக் கணக்கிட்டாலோ 82 விழுக்காடு. ஆற்றங்கரை அதே, இருள் அதே. நடுவர் எந்தக் கணக்கை எடுக்கிறார் என்பதில் காவலனின் உயிர் இருக்கிறது.

தமிழில் இத்தகைய விதிநூல் இல்லையா என்றால், தொல்காப்பியப் புறத்திணையியல் கிட்டத்தட்ட அதுவே. இரவில் சென்று பகைவர் ஆநிரையைக் கவரும் வெட்சிக்கு அது பதினான்கு துறை வகுக்கிறது. பக்கத்தார் அறியாமல் போவது ஒரு துறை. ஒற்றறிவது ஒரு துறை. ஊரைச் சூழ்ந்து தங்குவது ஒரு துறை. தொடக்கத் துறையோ படை புறப்படும் ஆரவாரம்! அடுத்தது விரிச்சி: ஊர்ப்பாக்கத்தில் தற்செயலாய்க் காதில் விழும் சொல்லை நிமித்தமாகக் கேட்டல். ஆட்டத்தில் செவி காவலனுக்குரியது. வெட்சியில் கவரச் செல்பவனும் செவிகொடுத்தே நடக்கிறான். கவர்ந்த ஆக்களை நோவின்றி ஓட்டிவருதலும் தனித் துறை. இருளில் செய்யும் தொழிலுக்குள்ளும் இலக்கணம் ஒரு பொறுப்பை வைத்திருக்கிறது.

இழந்தவன் தரப்புக்கும் இடம் உண்டு. நிரையை மீட்டல் கரந்தை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாகவே உயர்த்தியது. திகைத்தவனின் மறுமுறைக்கு ஒரு திணையையே ஒதுக்கிய மரபு இது. நடுகற்களிலும் அதன் தடம் உண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்தவற்றுள் ஒன்று தமிழ்-பிராமியில் ‘ஆகோள்’ என்னும் சொல்லையே தாங்கியுள்ளது. கூடலூர் ஆகோளில் பட்டவன் பெயர் தீயன் அந்தவன். அவன் வெட்சி சூடியவனா, கரந்தை சூடியவனா என்பதைக் கல் சொல்லவில்லை. தாக்கியவனாயினும் தாக்கப்பட்டவனாயினும் பெயர் நிற்கிறது.

மறைந்து எய்த அம்பைப் பற்றித் தமிழில் நடந்த பெருவழக்கு வாலியினுடையது. ஆட்ட விதிப்படி, மறைந்திருப்பவன் தாக்கிய கணமே மறைவு நீங்கும். கம்பனில் அது பெயராகவே நிகழ்கிறது: வாலி அம்பைப் பற்றி, அதில் பொறித்த பெயரைப் படித்தறிகிறான். அதன்பின் அவனுக்குப் போரிடும் வலிமை இல்லை, பேசும் வலிமை உண்டு. அப்பேச்சுக்காகவே அப்படலம் நீள்கிறது. ஏன் மறைந்து எய்தாய் என்னும் வினாவுக்கு இராமன் அன்றி இலக்குவனே விடை சொல்வது கவனத்திற்குரியது. நீயும் வந்து அடைக்கலம் கேட்டிருந்தால் என் செய்வது என்னும் அவ்விடை சாமர்த்தியமானது. வாலி அதை ஏற்றாலும், படிப்பவர் அனைவரும் ஏற்றதில்லை.

வாலிக்குக் கிடைத்ததில் ஒரு சிறுகூறு வலியசாலைச் சட்டனுக்கும் இப்போது கிடைத்திருக்கிறது. அம்மேசையின் புதுவிதி: அயர்ந்தவன் முதற்சுற்றில் நகரவோ தாக்கவோ முடியாது, ஆனால் ஒருமுறை குரல் எழுப்பலாம். அக்குரல் எட்டும் தொலைவில் உள்ள எவரும் திகைத்தவராகக் கொள்ளப்படார். இறந்த சட்டனுக்கு இவ்விதியைப் பின்னோக்கிச் செலுத்த மாணவி இசையவில்லை. அவன் மாண்டவனாகவே இருக்கட்டும், அடுத்த காவலன் கத்தட்டும் என்றார்.

விதி வந்த மறுவாரமே சோழர் ஒற்றராய் ஆடியவர், வாயைப் பொத்தியபடியே வெட்டுவதற்குத் தனிப் பகடை வேண்டும் என்று கேட்டார். கத்தும் உரிமையை வாய்பொத்தும் விதி விழுங்கிவிடும் என்பது மாணவியின் வாதம். ஒற்றன் என்றால் அதைத்தானே முதலில் செய்வான் என்பது எதிர்வாதம். குரல் எத்தனை அடி எட்டும், ஆற்றின் இரைச்சலைக் கழிக்க வேண்டுமா என்பதும் தீரவில்லை. நடுவர் இரு தரப்பையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.