வில்லியம் ஹார்ட்டுக்கு, ஊரப்பாக்கத்திலிருந்து

அன்புள்ள ஹார்ட் ஐயா,

1946இலேயே மறைந்துவிட்ட உங்களுக்கு இந்த மடல் வந்து சேராது. ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்த ஒரு நல்ல காரியத்துக்கு நீங்கள்தான் காரணம். அதை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. செங்கல்பட்டு மின்சார ரயில் கடக்கும்போது டி.வி. சத்தம் காதில் விழாது. அம்மாவுக்கோ காது மந்தம். ஒரு மழை இரவில், நீங்கள் 1916இல் நடித்த ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ மௌனப்படத்தைப் போட்டேன். நடுநடுவே வரும் ஆங்கில எழுத்துகளை அம்மாவின் காதருகே தமிழில் சொன்னேன். மௌனப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளிலும் திரைக்கு அருகே ஒருவர் நின்று கதை சொல்வாராம். அன்றிரவு அந்த வேலை எனக்கு வாய்த்தது.

படத்தில் வருவது சட்டமும் கோயிலும் இல்லாத ஊர். அங்கே வரும் பாதிரியாரை விரட்டச் சாராயக்கடைக்காரன் சில்க் மில்லர் ஏவிவிடும் துப்பாக்கிக்காரன் பிளேஸ் டிரேசி நீங்கள். வண்டியிலிருந்து பாதிரியாரின் தங்கை ஃபெய்த் இறங்குகிறாள். உங்களை அஞ்சாமல் பார்க்கிறாள். கல் போன்ற உங்கள் முகம் மெல்ல இளகுகிறது.

“அவ ஒண்ணுமே சொல்லலையேடா!” என்றாள் அம்மா.

ஆமாம், சொல்லவில்லை. ஊருக்கு உபதேசிக்க வந்த அண்ணனோ சாராயத்திலும் ஆசையிலும் விழுந்து அழிகிறான். கெட்டவன் என்று பெயரெடுத்த நீங்கள், ஒரு கையில் சிகரெட்டும் பக்கத்தில் விஸ்கியுமாக உட்கார்ந்து பைபிள் படிக்கிறீர்கள். ஒரே நாளில் புனிதராகிவிடவில்லை. பழைய பழக்கம் விடாதபோதே புதிய வழிக்கு ஒருவன் திரும்பலாம் என்று அந்த ஒரு காட்சியில் காட்டிவிட்டீர்கள். புதிதாக எழுந்த தேவாலயத்தைக் கொளுத்திய ஊரை நீங்கள் எரிப்பதும், ஃபெய்த்தோடு மலைகளைத் தாண்டிப் போவதும் பிரம்மாண்டம்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கியது அந்தச் சிகரெட் காட்சி.

என் தம்பி குடிக்கு அடிமையானவன். பார்க்கும்போதெல்லாம் நான் அவனுக்கு அறிவுரை சொன்னேன். ஒருநாள் வார்த்தை முற்றி வீட்டைவிட்டுப் போனான். மூன்று வருடம் பேச்சில்லை. அவன் திருந்தி வரட்டும், பிறகு பேசலாம் என்றிருந்தேன். திருந்துவதற்கு முன்னாலேயே ஒருவனை மனிதனாகப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில், 1914இல், நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர் நீங்கள். உங்கள் ‘டம்பிள்வீட்ஸ்’ படத்தின் 1939ஆம் ஆண்டு மறுவெளியீட்டுக்காக நீங்கள் பேசிய விடைபெறும் உரையையும் கேட்டேன். வயதான குரல், தழுதழுத்தது. சில்லறைக் காசு கொடுத்துப் படம் பார்த்த மக்களுக்கே அமெரிக்காவின் நியூஹாலில் இருந்த உங்கள் வீட்டை எழுதிவைத்தீர்கள். இன்றும் அது அருங்காட்சியகமாக நிற்கிறது. கடல் தாண்டி இருக்கும் எங்களுக்கும் அதேபோல் ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள்.

படம் பார்த்த மறுநாள் காலை, அம்மா என்னிடம் தம்பியின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னாள். எடுத்தான். குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, போன வருடங்களைப் பற்றியும் இல்லை.

“சாப்டியாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் பதில் எனக்குக் கேட்கவில்லை, ரயில் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், ஐயா. எல்லாம் புரிந்தது.



இப்படிக்கு,
ஊரப்பாக்கத்திலிருந்து உங்கள் ரசிகன்