தூண்டிலும் ஊர்தியும்

ஒருவர் தோளில் கிடக்கும் தூண்டிலைக் கண்டாலே, அவர் எந்த நீரை நாடிச் செல்கின்றார் என்பதைப் பெரும்பாலும் கூறிவிடலாம். மெல்லிய கழியும் சிறிய முள்ளும் கொண்டவர் கெண்டையைக் கருதி ஊர்க்குளத்திற்குச் செல்பவர். தடித்த கழியும் பெரிய முள்ளும் கொண்டவர் விராலைக் கருதிக் கோரை மண்டிய கண்மாய்க்குச் செல்பவர். நீரும் மீனும் கருவியை முடிவு செய்கின்றன. கருவியும் வழியும் ஊர்தியை முடிவு செய்கின்றன. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, ஊர்தியையும் கருவியையும் முதலில் விலைக்கு வாங்கிக்கொண்டு, பின்னர் நீரைத் தேடி அலைவோர் இக்காலத்தில் பலராயினர்.

என் ஊர் ஏழாயிரம்பண்ணை. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் அமைந்தது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு எங்களுக்கு இல்லை. வைப்பாறும் மழையை நம்பி ஓடும் ஆறே. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பொய்க்காது பெய்தால் கண்மாய்கள் நிறையும். பங்குனி, சித்திரையில் அவை வெடிப்புற்றுக் கிடக்கும். இத்தகைய ஊரினன் தூண்டிலைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். நீர் அரிதாக வரும் இடத்தில்தான் அதன் ஆழத்தையும் நிறத்தையும் போக்கையும் மக்கள் கூர்ந்து நோக்குவர் என்பதை அவர்கள் அறியார்.

தூண்டிற் கருவிகளின் பட்டியல் தமிழுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அது முழுமையாகவே உள்ளது. நெடிய மூங்கிற்கழி, அதிற் கட்டிய கயிறு, வளைந்த வாயையுடைய இரும்பு, அவ்விரும்பை மறைத்த இரை ஆகிய நான்கும் அங்கே கூறப்படுகின்றன. இரையை மட்டும் கவ்விக்கொண்டு வாளைமீன் தப்பிவிடுகின்றது. தப்பிய அம்மீன், கரையிலுள்ள பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டு, அதனையும் தூண்டிற்கழி என்றெண்ணி அஞ்சுகின்றதாம். இஃது உவகைக்காகப் புனைந்த கற்பனை என்று இளமையில் எண்ணினேன். கண்மாய்க் கரையில் பல காலைப்பொழுதுகளைக் கழித்த பின்னரே அது கண்டறிந்து கூறிய செய்தி என்று தெளிந்தேன். காலையிற் கிழக்குக் கரையில் நின்றால், நம் நிழலும் கழியின் நிழலும் நீர்மேல் நீண்டு விழும். அந்தப் பக்கம் ஒரு கெண்டையும் வாராது. மேற்குக் கரைக்குச் சென்று கதிரவனை எதிர்நோக்கி அமர்ந்தால் கண் கூசும்; ஆனால் மீன் வரும்.

வள்ளுவரும் சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளை இரையென்று மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகின்றார். அங்கே அவர் அம்முள்ளைப் 'பொன்' என்கின்றார். இரும்பையும் பொன் எனல் பண்டைய வழக்கு. ஒரு பறி மீனுக்கு ஒரு சிறு முள் போதும் என்பதை எண்ணினால், அப்பெயர் அதற்குப் பொருத்தமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனிக் கருவிகளைக் காண்போம். கழிக்குக் கல்மூங்கில் சிறந்தது. அதன் உட்புறத்தில் துளை மிகக் குறைவு. ஆதலின் வளையும், எளிதில் முறியாது. முற்றிய கழியையே வெட்டுதல் வேண்டும். இளங்கழியை உளு அரித்துவிடும். கோணலை அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்த வேண்டும். கயிறாக முன்னாளில் முறுக்கிய பருத்தி நூல் பயன்பட்டது. இப்பொழுது கடைக்காரர் தங்கூசி என்று கூறும் நைலான் நரம்பே எங்கும் வழங்குகின்றது. அது நீரில் ஊறாது, மீன் கண்ணுக்கும் எளிதில் தோன்றாது. இவ்வளவில் பழையதினும் புதியது மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அறுந்த நரம்பைக் கரையிலே விட்டுச் செல்வோரால் கொக்கும் நாரையும் காலில் சுற்றுண்டு வருந்துகின்றன என்பதையும் உடன் கூற வேண்டும்.

தக்கைக்கு மயிலிறகின் தண்டைவிடச் சிறந்த பொருளை நான் கண்டதில்லை. எங்கள் பக்கத்துப் புஞ்சைகளில் மயில்கள் மிகுதி. தாமே உதிர்த்த இறகின் தண்டை ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கிக் கட்டினால், அது நீர்மேல் செங்குத்தாக நிற்கும். மீன் இரையை முகர்ந்தால் நடுங்கும், கவ்வினால் சாயும், விழுங்கினால் மறையும். இம்மூன்று நிலைகளையும் பிரித்தறிந்து, மூன்றாவதில் மட்டும் கழியை உயர்த்தக் கற்றவனே தூண்டிற்காரன்.

இரை மீனுக்கு மீன் வேறுபடும். கெண்டைக்குப் பிசைந்த மாவுருண்டை, கெளுத்திக்கு மண்புழு, விராலுக்குத் தவளை. கெளுத்தியின் வாயருகே மீசைகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். கலங்கிய நீரில் அது கண்ணைவிட அம்மீசையின் உணர்வையும் மோப்பத்தையுமே நம்பி இரை தேடுகின்றது. எங்கள் கண்மாய் நீரும் கலங்கிய நீரே. ஆகவே மணமுள்ள இரையே இங்கே வெற்றி தரும்.

மலைநாட்டு நீரோ இதற்கு முற்றிலும் மாறானது. நீலகிரியில் குளிர்ந்து தெளிந்து ஓடும் ஓடைகளில் டிரவுட் என்னும் மேனாட்டு மீனை வளர்க்க ஆங்கிலேயர் முயன்றனர். 1863-ஆம் ஆண்டில் மீன்நூல் வல்லுநரான பிரான்சிஸ் டே செய்த முயற்சி பயன் தரவில்லை. பின்னர் வில்சன் என்பார் முயன்று, 1907-ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் பண்ணையை அமைத்தார். அதன்பின் அம்மீன் அம்மலையில் நிலைத்தது. டிரவுட் தெளிந்த நீரில் கண்ணால் கண்டு, மேலே மிதக்கும் பூச்சிகளைத் தின்னும் மீன். ஆதலின் அதற்கு மணமுள்ள இரை வேண்டுவதில்லை. பூச்சியின் தோற்றமே போதும். சிறு முள்ளில் நூலும் இறகும் சுற்றி, ஈயைப் போலவும் விட்டிலைப் போலவும் பொய்ப்பூச்சி கட்டுவர்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. பொய்ப்பூச்சிக்கு எடையில்லை, எடையில்லாத பொருளை எவ்வாறு தொலைவில் எறிவது? இதற்கு அவர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. எடையைக் கயிற்றிலேயே வைத்தனர். தடித்த கயிற்றைக் கழியால் பின்னே வீசி, அது காற்றில் முழுதும் நீண்டவுடன் முன்னே வீசுவர். சாட்டை போல அது விரிந்து செல்ல, நுனியிலுள்ள பூச்சி நீர்மேல் ஓசையின்றி இறங்கும். நீலகிரியில் ஓர் ஓடைக்கரையில் ஒருவர் இவ்வாறு வீசியதை ஒருமுறை கண்டேன். அரை நாழிகை நின்று பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை.

அக்கருவியை ஏழாயிரம்பண்ணைக்குக் கொணர்ந்தால் என்னாகும்? எங்கள் கண்மாய்க் கரையெங்கும் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கின்றது. பின்னே வீசிய கயிறு முள்ளிலே மாட்டிக்கொள்ளும். முன்னே வீச நேர்ந்தாலும் கலங்கிய நீரில் பொய்ப்பூச்சியைக் காண்பது எந்த மீன்? கருவியிற் குற்றமில்லை, அது வேறு நீருக்குப் பிறந்தது.

இவ்வேற்றுமையை நன்கறிந்த ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் அவர். இந்தியாவில் தூண்டிலிடுதலைப் பற்றி 1873-இல் ஒரு பெருநூல் எழுதிய அவர், அதனோடு அமையாது, நம் நாட்டுக் குளங்களில் தூண்டிலிடுதலைப் பற்றி மட்டும் தனியே ஒரு நூலை 1887-இல் வெளியிட்டார். குளத்துக்கென வேறு நூல் வேண்டுமென்று அவர் கருதியதே நான் கூறுவதற்குச் சான்று.

பொய்ப்பூச்சி கட்டுவதற்கு மேனாட்டார் விரும்பிய இறகுகளுள் ஒன்று நம் மலைகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. எங்கள் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர் மலைக்காடுகளிலும் அப்பறவை வாழ்கின்றது. அதன் இறகில் மெழுகு பூசியது போன்ற மஞ்சட் புள்ளிகள் ஒளிரும். அவ்வழகே அதற்குப் பகையாயிற்று; இறகு வாணிகத்திற்காக அது பெரிதும் கொல்லப்பட்டது. இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கின்றது.

ஊர்தியைப் பற்றிக் கூற வேண்டுவன பல. கரிசல் மண் கோடையில் கல்லாகும், மழையில் பசையாகும். கண்மாயில் மீன் பிடிக்கத்தக்க காலமோ மழைக்காலமே. மிதிவண்டியில் வண்டிப்பாதைக்குள் இறங்கினால், மண் உருளையிற் சுற்றி, மேலுள்ள மண்காப்புத் தகட்டிற்கும் உருளைக்கும் இடையே அடைத்துக்கொள்ளும். பத்தடி செல்லுமுன் வண்டி நின்றுவிடும். பிறகு நாம் வண்டியில் செல்வது போய், வண்டி நம் தோளில் செல்லும்! விசையால் ஓடும் இருசக்கர வண்டிக்கும் இதே நிலைதான். அதனைத் தோளிலும் தூக்க இயலாது. மகிழுந்து தார்ச்சாலையோடு நின்றுவிடும். ஆதலின் எங்கள் ஊரார் வண்டியைச் சாலையோரத்துக் கடையில் நிறுத்திவிட்டு, செருப்பையும் கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு நடப்பர். மிதிவண்டியின் சட்டத்தோடு கழியைச் சேர்த்துக் கட்டுங்கால், நுனி பின்னோக்கி இருக்கக் கட்டுதல் வேண்டும். முன்னோக்கி நீட்டினால் எதிரே வருவோர் கண்ணுக்குக் கேடு.

பேருந்தில் நெடுங்கழியை ஏற்ற நடத்துநர் இசையார். அவர் இசையாமையும் முறையே. இங்கேதான் என் பெயரனின் கட்சி வலுப்பெற்றது. "தாத்தா, ஒன்றனுள் ஒன்று அடங்கும் கழி கடையில் இருக்கிறது. பைக்குள் வைத்துக்கொள்ளலாம். நரம்பு சுற்றும் உருளையும் அதில் உண்டு. வாங்கித் தாருங்கள்" என்றான். வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்திற்குச் செல்வதற்காகவே அவன் அதனைக் கேட்டான். நீர்த்தேக்கத்தில் ஆழம் கரைக்கு அப்பால் இருக்கும். என் மூங்கிற்கழி எட்டும் தொலைவில் முழங்கால் நீரே நிற்கும். உருளையிலிருந்து நரம்பை நெடுந்தொலைவு எறியக்கூடிய கழி அங்கே தேவைதான். வாங்கித் தந்தேன். ஆனால் அதே கடையில் அவன் விரும்பிய பதினாறு வண்ணப் பொய்மீன்களை வாங்கித் தரவில்லை. அவை மீனைவிட வாங்குவோரையே மிகுதியாகக் கவர்வன என்பது என் கருத்து.

கழியினும் ஊர்தியினும் முன்னே பெறவேண்டியது இசைவு. ஊர்க் கண்மாய்களை மீன்பாசிக் குத்தகைக்கு எடுப்பார் உளர். குஞ்சு வாங்கி விட்டு வளர்ப்பவர் அவர். அவரைக் கேளாது தூண்டிலிடுவது பிறர் புஞ்சையில் கதிரறுப்பதை ஒக்கும்.

எங்கள் வட்டாரம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அத்தொழிலால் வாழ்கின்றன. ஆதலின் வெடிமருந்து இங்கே எட்டாப் பொருளன்று. சில ஆண்டுகளுக்கு முன் அயலூர்க் கண்மாய் ஒன்றில் இளைஞர் சிலர் வெடி எறிந்து மீன் பிடித்தனர். ஓசை கேட்டு நான் கரையேறிய பொழுது, அவர்கள் இருபது மீன்களைப் பொறுக்கிக் குவித்திருந்தனர். கரையோரத்திலோ, விரல் நகத்தளவினவான குஞ்சுகள் உமியைப் போல மிதந்தன. வெடியின் அதிர்ச்சியால் மீனின் உடலினுள் உள்ள காற்றுப்பை கிழியும், அவ்வாறு மாண்டவற்றுள் பல அடியில் ஆழ்ந்துவிடும், எவர்க்கும் பயன்படா. வெடியாலும் நஞ்சாலும் மீனைக் கொல்லுதல் கூடாதென்று 1897-ஆம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம் தடுத்தது. அச்செயலில் விரலையும் கையையும் இழந்தோரும் உண்டு.

அவ்விளைஞருள் ஒருவன் என்னிடம் பயின்றவன். "ஐயா, ஒரு நொடியில் முடியும் வேலைக்குப் பொழுதெல்லாம் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?" என்று கேட்டான். நான் விடை கூறாமல், கரையோரத்து நீரைக் கைகளால் அள்ளி அவன்முன் நீட்டினேன். அதில் செந்நிறக் குஞ்சுகள் இருந்தன; விரால் குஞ்சுகள். விரால் தன் குஞ்சுகளை விட்டு நீங்காது உடன் திரிந்து காக்கும் மீன். குஞ்சுக்கூட்டத்தின் அருகே தவளையைப் போட்டால், பசிக்காக அன்றிச் சினத்தால் அது பாய்ந்து கவ்வும். அக்காலத்தில் அதனைத் தூண்டிலால் பிடிப்பதையும் எங்கள் ஊர் முதியோர் விலக்கியிருந்தனர். அவன் குஞ்சுகளைப் பார்த்தான், என்னையும் பார்த்தான், சாக்கைத் தோளிலிட்டுக்கொண்டு ஏதும் பேசாது போய்விட்டான். அக்கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் அவ்வாண்டு போட்ட முதலையும் எடுக்கவில்லை.

இப்பொழுது நானும் பெயரனும் விடுமுறை நாள்களில் செல்கின்றோம். அவன் பையில் அடங்கு கழி. என் தோளில் மூங்கிற்கழி. முள்ளின் உட்புறத்தில் பின்னோக்கியிருக்கும் சிறு கூரை அரத்தால் தேய்த்து வைத்திருக்கின்றோம். சிறு மீன் அகப்பட்டால் வாய் கிழியாமல் கழற்றி விடலாம். பனையோலைத் தொப்பி இரண்டு, மண்புழுவுக்கு ஒரு சிரட்டை, மீனுக்கு ஒரு பறி, குடிநீர், ஒரு துண்டு ஆகியவற்றிற்கு மேல் நாங்கள் ஒன்றும் கொண்டு செல்வதில்லை. பங்குனியில் கண்மாய் வற்றியபின் மூங்கிற்கழியைத் துடைத்து, எண்ணெய் பூசி, வளையாதபடி பரணில் நீளக் கிடத்திவிடுவேன். ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் அதனை இறக்குவது பெயரனின் வேலை.